உரிமம் பெற்ற மூக்கு

எங்கள் மாநிலத்தில் நாற்றம் என்பது சட்டப்படி மூக்கைச் சேர்ந்தது, காற்றைச் சேர்ந்ததல்ல. இதை நான் சொல்லவில்லை, மாநில வாசனை வாரியம் சொல்கிறது. வாரியத்தின் உரிமம் பெற்ற மூக்கு ஒன்று நேரில் வந்து முகர்ந்து ஆமாம் என்று சொல்லும்வரை எந்த நாற்றமும் நாற்றமாகாது. அதுவரை அது குடிமக்களின் அபிப்பிராயம். அபிப்பிராயம் வைத்துக்கொள்ள எல்லோருக்கும் உரிமை இருப்பதால், வாரியம் எங்கள் உரிமையில் ஒருபோதும் தலையிட்டதில்லை.

சைப்ரஸ் லேன் ஒரே ஒரு தெரு. ஒரு பக்கம் மிசிசிப்பி ஆற்றின் கரைமேடு, மறுபக்கம் கரும்பு. கரும்பு முடிகிற இடத்தில் ஃபேர்வெதர் பாலிமர் ஆலையின் கம்பிவேலி. அந்த வேலியோரக் கடைசி வீடு எங்களுடையது. நான் சர்க்கரை ஆலையில் மூட்டை தூக்கியும் கொப்பரை சுரண்டியும் இடுப்பைக் கொடுத்தவன். வேலை முடிந்து வரும்போது சூரியன் கரும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். ஃபேர்வெதர்காரர்கள் பகலெல்லாம் அடக்கி வைத்ததைத் திறந்துவிடுவதும் அந்த நேரத்தில்தான். வாரியத்தின் புகார்த் தொலைபேசி ஐந்து மணிக்கு மூடிவிடும் என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று இரண்டு தரப்பும் எழுத்தில் சொல்லியிருக்கின்றன.

என் மனைவி ஏர்லீன் மவுண்ட் நேபோ சபையின் பாடகர் குழுவில் முன்வரிசைக் குரல். இப்போது மூக்கில் குழாயும் பக்கத்தில் சக்கரம் வைத்த ஆக்ஸிஜன் சிலிண்டருமாக இருக்கிறாள். சிகரெட்டைத் தொட்டவள் இல்லை. பேட்டன் ரூஜ் நகரத்து டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இப்ப இருக்கற காத்தையே இவங்க நுரையீரல் தாங்கல. இன்னும் கொஞ்சம் கெட்டுச்சுன்னா அடுத்த ஈஸ்டருக்கு இவங்க இருக்கமாட்டாங்க. வீட்ட வித்துட்டு வேற எங்கயாவது போயிடுங்க."

அவர் தனியாகச் சொன்னது கதவுக்கு அப்பால் ஏர்லீனுக்குக் கேட்டிருக்கிறது. வழியில் காரில் சொன்னாள்: "வித்துடலாம் அம்ப்ரோஸ். வாங்குறவனுக்கு கண்ணும் இருக்கக்கூடாது, மூக்கும் இருக்கக்கூடாது. அப்படி ஒருத்தனத் தேடு."

ஒரு நாள் சர்க்கரை ஆலையில் இயந்திரம் நின்றுபோய் மத்தியானமே எங்களை அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கென்று ஃபேர்வெதரிலும் எதுவோ பொறுக்க மாட்டாமல் பகலிலேயே பிய்த்துக்கொண்டது. ஏர்லீன் இருமி இருமி உதடு நீலம் பாய்ந்துவிட்டாள். வாரியத்தின் தொலைபேசி திறந்திருக்கிற நேரத்தில் நாற்றம் வந்தது அதுதான் முதல் தடவை. நான் கூப்பிட்டேன்.

"நாத்தமா, வாடையா, மணமா சார்?" என்றாள் அந்தப் பக்கத்துப் பெண்.

"மூச்சு முட்டுதும்மா."

"மூச்சு வேற இலாகா. நாங்க மூக்கு மட்டும்தான். என்ன மாதிரி நாத்தம்? முட்டை, பூண்டு, மீன், மருந்து, பழம். இதுல ஒண்ணு சொல்லுங்க."

"எல்லாம் சேர்ந்து."

"அஞ்சும் சொன்னா அஞ்சு புகார் சார். அஞ்சு பேர் வரணும். அவ்ளோ மூக்கு எங்ககிட்ட இல்ல."

"சரி, மீன்."

"மீன்னா வனவிலங்கு இலாகா. மாத்தி விடவா?"

"வேணாம்மா. பழம்னு போட்டுக்க."

"பழவாடைய யாரும் புகாராச் சொன்னதில்லையே," என்று அவள் கொஞ்சம் வருத்தப்பட்டாள். ஆனாலும் பதிந்துகொண்டாள். ஒரு வாரத்தில் மூக்கு வரும் என்றாள்.

வந்தது. அதன் பெயர் மிஸ்டர் டக்கெட். காரிலிருந்து இறங்கும்போதே மூக்குக்குச் சின்னதாகக் கம்பளி உறை மாட்டி, நாடாவைக் காதுகளில் கோத்திருந்தார். அன்று காலை வடக்குக் காற்று. ஃபேர்வெதரில் ஒரு புகைபோக்கியும் மூச்சு விடவில்லை. ஏர்லீன் அடுப்பில் கம்போக் குழம்பு வைத்திருந்தாள். வெண்டைக்காயும் இறாலும் புகைபோட்ட சாசேஜும் போட்டுக் கொதிக்கிற கம்போவுக்கு எங்கள் தெருவில் யாரும் கதவைச் சாத்துவதில்லை.

டக்கெட் முற்றத்தின் நடுவில் நின்று உறையைக் கழற்றினார். நான் தொப்பியைக் கழற்றினேன், ஏதோ ஜெபம் மாதிரி இருந்ததால்.

"இது என் மூக்குன்னு நெனைக்காதீங்க," என்றார். "வேலை நேரத்துல இது மாநிலத்தோட சொத்து. சளி புடிச்சாக்கூட மேலிடத்துல சொல்லிட்டுத்தான் சிந்தணும். இருவது வருஷமா மோந்துக்கிட்டிருக்கேன். இதுவரைக்கும் ஒரு ஆலையோட மனசையும் புண்படுத்துனதில்ல."

ஏர்லீன் வாசலில் சிலிண்டரோடு நின்றாள். "சார், ஒரு கிண்ணம் கம்போ சாப்பிட்டுட்டு சாயங்காலம் வரைக்கும் இருங்களேன். சூரியன் எறங்குற நேரத்துல ஒரு தடவ மோந்து பாருங்க."

"அஞ்சு மணிக்கு மேல மூக்கு எனக்குச் சொந்தம்மா. சொந்த மூக்க அரசாங்க விஷயத்துக்குப் பயன்படுத்துனா அது ஊழல்."

மூன்று தடவை இழுத்து முகர்ந்தார். கண்ணை மூடி யோசித்தார். முகத்தில் திருப்தி தெரிந்தது. உறையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

வாரியத்தின் கடிதம் வந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றது ஐம்பதுக்கு மேல். அதனால் அதைப் படித்து முடிக்க எனக்கு ஒரு மாலை ஆயிற்று. பள்ளிக்கூட வாத்தியாருக்கு இரண்டு மாலை ஆயிற்றாம், அவர் அதில் அர்த்தமும் தேடியிருக்கிறார். எங்கள் புகார் உண்மை என்று வாரியம் ஒப்புக்கொண்டிருந்தது. சைப்ரஸ் லேனில் நாற்றம் உண்டு. வகை: வெங்காயம், சாசேஜ், வெண்டைக்காய். கிளம்புமிடம்: புகார் கொடுத்தவரின் அடுப்பு. இனி மேற்படி அடுப்பிலிருந்து கசிவு ஏற்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மீறினால் அடுப்பு மூடப்படும்.

ஏர்லீன் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கியதும் மறுபடி சிரித்தாள்.

"இந்த மாநிலத்துல ஒரு கசிவைக் கண்டுபுடிச்சிருக்காங்க. அதுவும் என் சட்டியில. வெண்டைக்காயக்கூட விடாம சொல்லிட்டான் பாரு. நல்ல மூக்குதான் அது. தெசை மாறிப் போச்சு, அவ்ளோதான்."

எங்கள் சபை நிர்வாகத்தில் ஒருவரான டீக்கன் தியோஃபில் அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தலைநகரத்துக்குப் போனார். பழைய தபால்காரர், நிறையக் கதவு தட்டிப் பழகியவர். வாரியத்தின் சேர்மன் வார்ட்லா அவருக்குக் காபி கொடுத்து, பொறுமையாகக் கேட்டு, கடைசியில் மேசையைத் தட்டினாராம்.

"உங்க ஜனங்களோட மூக்க நாங்க நம்பலன்னுதானே வருத்தம்? நியாயம். அவங்க மூக்குக்கே உரிமம் குடுத்துடுவோம். அவங்களே மோந்து அவங்களே சொல்லட்டும். மக்களாட்சின்னா இதுதான்."

மூடிப்போன பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடத்தில் மூக்கு முகாம் நடந்தது. மத்தியான சாப்பாடு ஃபேர்வெதர் உபயம். மேசையில் வரிசையாகக் குப்பிகள்: காபி, வினிகர், ரோஜா, மண்ணெண்ணெய், தண்ணீர். ஒவ்வொன்றாக முகர்ந்து இன்னதென்று சொல்ல வேண்டும்.

டீக்கன் முதல் குப்பியை முகர்ந்து, "தண்ணி" என்றார். இரண்டாவதும் தண்ணி. ரோஜாவும் தண்ணி, மண்ணெண்ணெயும் தண்ணி.

"அஞ்சுல ஒண்ணு சரி," என்று டக்கெட் குறித்துக்கொண்டார்.

எனக்கும் அதே. எங்கள் தெருவில் வயது வந்த அத்தனை பேருக்கும் அதே. எங்கள் சபையைச் சேர்ந்த சிஸ்டர் ஓடீல் மட்டும் வினிகர் என்று சரியாகச் சொன்னார், குப்பியின் மேல் ஒட்டியிருந்ததைப் படித்து. அது தகுதியிழப்பு. என் மூக்கு எப்போது என்னை விட்டுப் போனது என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை காலம் நாற்றம் நாற்றம் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது கண்ணெரிச்சலையும் தொண்டையறுப்பையும்தான் போலிருக்கிறது. ஏர்லீன் மாத்திரம் சோதனைக்கு உட்காரவில்லை. குழாய் மாட்டிய மூக்கு விதியில் இல்லை என்றார்கள்.

சேர்மன் வார்ட்லா மேடையேறினார். வெள்ளைத் தலை, நீல சூட், இழுத்து இழுத்துப் பேசுகிற குரல்.

"நண்பர்களே, எனக்குத் தொண்டை அடைக்குது. நாத்தத்தால யாரு பாதிக்கப்படறா? மோப்பம் இருக்கறவங்க. சைப்ரஸ் லேன்ல அப்படி ஒருத்தர்கூட இல்லன்னு இன்னிக்கு அறிவியல் நிரூபிச்சிருக்கு. இந்த மாநிலத்துலயே நாத்தத்தால பாதிக்கப்பட முடியாத ஒரே ஊர் உங்க ஊர்தான். பெருமைப்படுங்க. இதே ஆலை வேற ஊர்ல இருந்திருந்தா ஜனங்க எவ்ளோ கஷ்டப்பட்டிருப்பாங்க, யோசிச்சுப் பாருங்க."

"இருந்த மோப்பம் எங்கய்யா போச்சு?" என்றார் சிஸ்டர் ஓடீல்.

"நல்ல கேள்விம்மா. இருக்கற மோப்பத்துக்குத்தான் வாரியம் பொறுப்பு. இல்லாத மோப்பத்து மேல எங்களுக்கு அதிகாரம் கெடையாது."

கை தட்டினார்கள், ஃபேர்வெதர்காரர்கள்.

அடுத்த மாதமே ஃபேர்வெதர் இரண்டாவது ஆலைக்கு மனுப் போட்டது. நாற்றத்தால் பாதிக்கப்பட முடியாத ஊர் என்று வாரியமே சான்று கொடுத்துவிட்ட பிறகு வேறு எங்கே கட்டுவார்கள்? புதுப் புகைபோக்கி எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு நேரே வருகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் சிவப்புக் கொடி நட்டுவிட்டுப் போனார்கள். ஏர்லீன் படுத்தபடியே அந்தக் கொடியைப் பார்ப்பாள். டாக்டர் சொன்னதை நாங்கள் மறுபடி பேசவில்லை. கொடி தெரியாமலிருக்க நான் திரையை இழுத்துவிட்டேன். அவள் எழுந்து திறந்துவிட்டாள்.

"மறைச்சா போயிடுமா? இருக்கட்டும். மொறைக்க எனக்கும் ஒண்ணு வேணும்ல."

சட்டம் எங்களுக்கு ஒரே ஒரு சந்து விட்டிருந்தது. மனு மீதான விசாரணையைப் பாதிக்கப்படும் ஊரிலேயே நடத்த வேண்டும். பேச விரும்புகிறவர்கள் எல்லோரும் பேசி முடித்த பிறகு, அன்றைக்கே, அந்த இடத்திலேயே ஓட்டெடுக்க வேண்டும். வாரிய உறுப்பினர் ஐந்து பேரில் மூன்று பேராவது நாற்காலியில் இருந்தால்தான் ஓட்டு செல்லும். இல்லாவிட்டால் மனு செத்தது, ஒரு வருடத்துக்கு மறுபடி போட முடியாது. இதெல்லாம் நடக்காது என்பதால்தான் சட்டத்தில் வைத்திருக்கிறார்கள் என்றார் டீக்கன்.

பள்ளிக்கூடக் கூடத்தின் கூரை இதற்குள் புயலில் பறந்திருந்தது. மிச்சமிருந்த ஒரே இடம் எங்கள் மவுண்ட் நேபோ சபை. இரண்டு மணிக்கு ஆரம்பம், நான்கு மணிக்கு ஓட்டு என்று ஒட்டியிருந்தார்கள். வாரியத்தார் காரேறிப் போகும்வரை எதையும் திறந்துவிடுவதில்லை என்று ஃபேர்வெதர் மேனேஜர் லேண்ட்ரெத் வாக்குக் கொடுத்திருந்தார். டீக்கனின் மருமகனுக்கு அங்கே வால்வு திருப்புகிற வேலை.

"அடக்கலாம் மாமா," என்றானாம் அவன். "ஆனா ரொம்ப நேரம் அடக்க முடியாது. அந்தி சாஞ்சா அதுவே பிச்சுக்கும். எங்க மேனேஜர் இல்ல, அவங்கப்பன் வந்தாலும் நிக்காது."

டீக்கன் எங்கள் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னார். "அந்தி வரைக்கும் அவங்கள உக்கார வெக்கணும், பிரதர் அம்ப்ரோஸ். வேற ஒண்ணும் வேணாம்."

"எப்படி டீக்கன்? ஆளுக்கு மூணு நிமிஷம்தான் பேச்சு. எப்படிப் பாத்தாலும் நாலு மணிக்கு முடிஞ்சிடும்."

டீக்கன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நம்ம சபையில எந்தக் கூட்டம் சொன்ன நேரத்துக்கு முடிஞ்சிருக்கு?"

விசாரணை நாள் நல்ல வெயில். உறுப்பினர்கள் ஐந்து பேரும் பீடத்துக்கு முன்னால் போட்ட நீள மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். பத்திரிகையிலிருந்து ஒரு புகைப்படக்காரர் வந்திருந்தார். அவரைப் பார்த்ததும் சேர்மன் எழுந்து, "எல்லா ஜன்னலையும் தொறந்து விடுங்க. வாரியம் இந்த மக்களோட ஒரே காத்தத்தான் சுவாசிக்குதுன்னு உலகம் பாக்கட்டும்" என்றார். நாங்கள் திறந்தோம். மாட்டிய காலத்திலிருந்து திறக்காத ஜன்னல் ஒன்று இருந்தது. அதையும் இரண்டு பேர் நின்று தோளால் இடித்துத் திறந்தோம். ஜனங்கள் சவ அடக்கக் கம்பெனி இனாமாகக் கொடுத்த அட்டை விசிறியால் வீசிக்கொண்டார்கள். எங்கள் ஊரில் அந்தக் கம்பெனிக்கு மட்டும் தட்டுப்பாடில்லாமல் வியாபாரம்.

வாரியத்தின் எழுத்தர் மணியும் கடிகாரமும் வைத்துக்கொண்டார். சுருக்கெழுத்துக்காரப் பெண் விரலைச் சொடுக்கினாள். டீக்கன் தியோஃபில் முதல் ஆளாக ஒலிவாங்கிக்குப் போனார்.

எங்கள் சபையில் கனம் கொடுக்காமல், அதாவது ஒவ்வொருவராகச் சொல்லி மரியாதை செலுத்தாமல், யாரும் வாய் திறப்பதில்லை. பிள்ளைகள் ஈஸ்டர் வசனம் சொல்வதானாலும், கழிப்பறைக் குழாய் ஒழுகுகிறது என்று அறிவிப்பதானாலும், முதலில் கனம்.

"என் வாழ்க்கையின் தலைவராகிய தேவனுக்குக் கனம்," என்று டீக்கன் ஆரம்பித்தார். "மேடையிலிருக்கிற பாஸ்டர் அவர்களுக்குக் கனம். பாஸ்டர் அம்மாவுக்குக் கனம். என் சக டீக்கன்மாருக்கும், சபைத் தாய்மாருக்கும், வாசல் காக்கிற சகோதரருக்கும், சமையலறைக் குழுவுக்கும் கனம். தலைநகரத்திலேர்ந்து இவ்ளோ தூரம் பாராம வந்து, எங்களோட கூடத்திலயே உக்காந்திருக்கற மாண்புமிகு சேர்மன் வார்ட்லா அவர்களுக்கு விசேஷ கனம்."

மணி அடித்தது. மூன்று நிமிடம் முடிந்தது. டீக்கன் திருதிருவென்று விழித்தார். அவர் இன்னும் விஷயத்துக்கே வரவில்லை.

சேர்மன் எழுத்தரைக் கண்டித்தார். அவர் முகம் மலர்ந்திருந்தது. "என்ன மனுஷன்யா நீ? மரியாதையப் போய் நேரத்துல சேக்கறியா? முப்பது வருஷ அரசாங்க உத்தியோகத்துல என்னை யாரும் இப்படிக் கனம் பண்ணுனதில்ல. கனம் முடிஞ்சப்பறம் கடிகாரத்தப் போடு. எல்லாருக்கும் அப்படியே. பதிவு பண்ணிக்கங்க."

சுருக்கெழுத்துக்காரப் பெண் பதிவு செய்துகொண்டாள். லேண்ட்ரெத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டீக்கன் தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அன்றைக்கு மாதிரி எங்கள் சபையில் கனம் பொழிந்ததில்லை. பாடகர் குழுவில் சோப்ரானோவுக்குத் தனி, ஆல்ட்டோவுக்குத் தனி. கூரை வேய்ந்தவருக்கு, ஞானஸ்நானத் தொட்டியில் தண்ணீர் நிரப்புகிறவருக்கு, போன வருடம் கூட்டத்துக்கு வர இயலாமற்போனவருக்கு. ஒவ்வொருவரும் கடைசியில் சேர்மனுக்கு ஒரு கனம் வைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் பாதி எழுந்து தலை வணங்கினார். இடதுகோடி உறுப்பினர் அவர் காதில் ஏதோ சொன்னபோது, "பொறுங்க, என்னைப் பத்தி வரப்போவுது" என்றது ஒலிவாங்கியில் கேட்டது.

நான்கு மணி கடந்தது. சிஸ்டர் ஓடீல் எழுந்து பின்பக்கத்துக் கல்லறையில் இருக்கிறவர்களுக்குக் கனம் கொடுக்க ஆரம்பித்தார்.

"பிரதர் அல்சைட், தொண்டையில வந்தது. அவருக்குக் கனம். சிஸ்டர் லியோண்டின், மார்புல. அவங்க மக செலெஸ்டைன், மார்புல. அதே வீட்டுல அடுத்துக் குடிவந்த பிரதர் ஹர்மன், ரத்தத்துல. கேர்ட்டிஸ், ரத்தத்துல, அவனுக்குப் பல்லு விழுற வயசு..."

விசிறிகள் நின்றுவிட்டன. பெயரும் உறுப்பும், பெயரும் உறுப்பும். அந்தப் பெயர்களை நான் ஞாயிறுதோறும் கேட்டவன்தான். வரிசையாக, நிறுத்தாமல், அந்நியர் முன்னால் கேட்டதில்லை. லேண்ட்ரெத் எழுந்து, "இதெல்லாம் மனுவுக்குச் சம்பந்தமா சேர்மன்?" என்றார்.

படக்காரர் காமிராவைத் தூக்கினார். செத்தவர்களுக்குக் கொடுக்கிற கனத்தை நிறுத்திய சேர்மன் என்று படம் வந்தால் என்னாகும் என்பது சேர்மனுக்குத் தெரியும். "அவங்க மரியாதை செலுத்தறாங்க. உக்காருங்க மிஸ்டர் லேண்ட்ரெத்," என்றார்.

லேண்ட்ரெத் உட்காரவில்லை. தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். ஐந்து மணி ஆனதும், வாரியத்தோடு வந்திருந்த டக்கெட் நிம்மதியாகக் கம்பளி உறையைக் கழற்றிப் பையில் வைத்தார். மூக்கு அவருக்குச் சொந்தமாயிற்று.

ஜன்னலுக்கு வெளியே கரும்பு பொன்னிறமாகி, பிறகு சிவந்தது. வேலிக்கு அப்பால் விசில் மாதிரி ஒரு சத்தம் நீளமாக எழுந்தது. அட்டை விசிறிகள் மறுபடி ஆட ஆரம்பித்தன.

முதலில் வலதுகோடி உறுப்பினரின் தலை நிமிர்ந்தது. பக்கத்திலிருந்தவரைச் சந்தேகமாகப் பார்த்தார். அந்தப் பக்கத்துக்காரர் தன் காலணியின் அடியைத் திருப்பிப் பார்த்தார். பிறகு ஐந்து பேருக்கும் விளங்கிவிட்டது. ஐந்து பேரின் கண்ணிலும் தண்ணீர்.

"வாரியம் மனமுருகி அழறதப் பாக்கறப்ப எங்களுக்கு ஆறுதலா இருக்கு," என்றார் டீக்கன் ஒலிவாங்கியில். "அதுக்கும் கனம்."

"யாராச்சும் அந்த ஜன்னல..." என்று ஆரம்பித்தார் சேர்மன்.

"ஜன்னல என்ன சார் பண்ணணும்?" என்றாள் சுருக்கெழுத்துக்காரப் பெண். அவளும் கைக்குட்டையை மூக்கில் வைத்திருந்தாள். "காரணத்தையும் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

சேர்மன் வாயை மூடிக்கொண்டார். நாறுகிறது என்று வாரியத் தலைவரே பதிவில் சொன்னால் அது புகாரல்ல, தீர்ப்பு. "ஒண்ணுமில்ல," என்றார். "ஜன்னல் அழகா இருக்கு."

இடதுகோடி உறுப்பினருக்குப் பேத்தியின் பிறந்தநாள் ஞாபகம் வந்தது. போய்விட்டார். அவர் பக்கத்திலிருந்தவருக்குக் காரை எங்கே நிறுத்தினோம் என்று பார்க்க வேண்டியிருந்தது. அவரும் போனார். மேசையில் மூன்று பேர். இன்னும் ஓட்டுக்குப் போதும். சேர்மன் மிச்சமிருந்த இரண்டு உறுப்பினர்களின் சட்டைக் கையையும் பிடித்துக்கொண்டார்.

டக்கெட் கடைசிப் பெஞ்சில் என் பக்கத்தில் குனிந்து தன் தொப்பிக்குள் வாந்தி எடுத்தார். நான் தண்ணீர் கொடுத்தேன்.

"தெனமும் இப்படியா?" என்றார் மூச்சு வாங்கியபடி.

"எனக்கு எப்படி சார் தெரியும்? என் மூக்கு உங்க பரீட்சையில ஃபெயிலாச்சே."

எழுந்து வாசல்வரை தடுமாறிப் போனவர், மேசைப் பக்கம் திரும்பி எதையோ சொல்ல வாயெடுத்தார். சேர்மன் அவரைப் பார்த்து வேண்டாமென்று தலையசைத்தார். டக்கெட் வெளியே போய்விட்டார்.

"அடுத்து பேசறவங்க," என்றார் எழுத்தர், மேசைக்கடியில் இருந்து.

என் மறுபக்கத்தில் ஏர்லீன் எழுந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"வேணாம் கண்ணு. இந்தக் காத்துல வேணாம். வீட்டுக்குப் போலாம் வா."

"வீட்டுல என்ன வேற காத்தா வெச்சிருக்க? கைய விடு அம்ப்ரோஸ்."

சிலிண்டரின் சக்கரம் கிறீச்சிட அவள் நடுவழியே நடந்தாள். ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்கு இறக்கினாள். அந்தக் கூடத்தில் அப்போது நல்ல காற்று மூக்கில் போய்க்கொண்டிருந்தது அவளுக்கு மட்டும்தான். சேர்மன் சிவந்த கண்களால் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் வாழ்க்கையின் தலைவராகிய தேவனுக்குக் கனம்," என்றாள். ஒரு மூச்சு. "பாஸ்டருக்குக் கனம்." ஒரு மூச்சு. "பாஸ்டர் அம்மாவுக்குக் கனம்." அவள் வேண்டுமென்று இழுக்கவில்லை. அவளுக்கு அவ்வளவுதான் வரும்.

வலதுகோடி உறுப்பினர் சட்டைக் கையை உதறினார். உதறியதில் பொத்தான் தெறித்தது. மேசைமேல் ஏறி, திறந்திருந்த ஜன்னல் வழியாகவே இறங்கிப் போனார். மேசையில் இரண்டு பேர். எழுத்தர் தலையை நீட்டி எண்ணிப் பார்த்து, மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டார்.

"பிரதர் டீக்கன், எத்தனை பேரு இருக்காங்க?" என்றாள் ஏர்லீன்.

"ரெண்டு பேர் சிஸ்டர். மனு போச்சு. நீங்க உக்காரலாம்."

"நான் எதுக்கு உக்காரணும்?"

மிச்சமிருந்த உறுப்பினர் கைக்குட்டையோடு வாசலுக்கு ஓடினார். சேர்மன் மட்டும் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"விசாரணை முடிஞ்சுது," என்றார். குரல் வரவில்லை. "நான்... நான் போகணும்."

"காரணம் சார்?" என்றாள் சுருக்கெழுத்துக்காரப் பெண்.

அவர் அவளைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பாடகர் குழு வந்துபோகிற பக்கக் கதவைத் தேடிக் கண்டுபிடித்து வெளியேறினார். வெளியே கார்கள் ஒன்றின் பின் ஒன்றாகக் கிளம்புகிற சத்தம் கேட்டது.

நாங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. கண் எரிந்தது, தொண்டை அறுத்தது. ஆனால் நாற்றத்தால் பாதிக்கப்பட முடியாதவர்கள் என்று வாரியமே எங்களுக்குச் சான்று கொடுத்திருந்தது. விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஏர்லீன் ஐந்து காலி நாற்காலிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். குழாயைச் சரிசெய்துகொண்டாள்.

"கனம் முடிஞ்சுது," என்றாள். "கடிகாரத்தப் போடுங்க. என் மூணு நிமிஷம் இப்பத்தான் ஆரம்பம்."